சும்மா நடக்காத மேட்சிங் பாய்

உடற்பயிற்சி என்ற சொல்லைத் தன்மேல் போடப்பட்ட வழக்காகவே எடுத்துக்கொண்ட மனிதர் இந்தத் திருச்சியில் ஒருவர்தான். அவர் மேட்சிங் பாய். மற்றவர்கள் சோம்பலால் நடக்கமாட்டார்கள், இவர் கொள்கையால் நடக்கமாட்டார். சோம்பேறியையாவது திட்டித் திருத்தலாம். கொள்கைக்காரரை என்ன செய்வது?

மலைக்கோட்டைக்குக் கீழே, சின்னக்கடை வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் அவருடைய கடை. பெயர்ப்பலகையில் என்னவோ பெயர் இருந்தது, யாரும் நின்று படித்ததில்லை. புடவையைக் கொண்டுபோனால் அதற்கு ஒத்த ரவிக்கைத் துணியை எடுத்து வெட்டித் தருவார். அதனால் அது மேட்சிங் கடை, அவர் மேட்சிங் பாய். பக்கத்துச் சுவர் என் தையல் கடை. அவர் வெட்டிக் கொடுப்பதை நான் தைத்துக் கொடுப்பேன். பத்திரிகையில் எழுத வருவதற்கு முன்னால் நான் வருஷக்கணக்கில் பார்த்த உத்தியோகம் அதுதான். எனக்கு ஒரு பெயர் இருப்பது பாய்க்குத் தெரியுமா என்பதே சந்தேகம். அவருக்கு நான் டெய்லரம்மா.

தொழிலில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. புடவையை வாங்கி வாசல் வெளிச்சத்தில் ஒரு தரம் பார்ப்பார். பிறகு அலமாரிப் பக்கம் திரும்பிக் கையை விட்டு ஒரு துணியை உருவுவார். அதுதான். வேறொன்றை எடுத்துக் காட்டச் சொன்னால் கோபம் வந்துவிடும். வெங்காயத்தோல், கத்திரிப்பூ, மயில்கழுத்து, அரக்கு என்று ஒவ்வொரு நிறத்திலும் அக்கா தங்கை ஒன்றுவிட்ட தங்கை வரை அவருக்கு உறவு தெரியும். கான்ட்ராஸ்ட் ரவிக்கை கேட்டு வருகிற பெண்களைக் கண்டால் மட்டும் ஆகாது. மேட்சிங் பார்க்கத் தெரியாத எவனோ கண்டுபிடித்த சமாளிப்பு அது என்பார்.

இப்படி நிம்மதியாக இருந்தவருக்குச் சர்க்கரை வந்தது. டாக்டர் இரண்டே விஷயம் சொன்னார். வாயைக் கட்டணும், தினமும் நடக்கணும். வாயைக் கட்டுவதற்கு அவர் மனைவி ஜமீலாக்கா பொறுப்பெடுத்துக்கொண்டார். நடப்பதற்குப் பாயே போகவேண்டியிருந்தது.

மறுநாள் காலையில் நடைப்பயிற்சி மைதானத்துக்குப் போனவர் பாதிச் சுற்றிலேயே திரும்பிவிட்டார். கால் வலியா என்று கேட்டேன். இல்லையாம். எதிரே வந்த பழைய வாடிக்கையாளர் ஒருவர், "எங்க பாய் போறீங்க?" என்று கேட்டாராம்.

"என்னத்த சொல்றது டெய்லரம்மா? எங்கயும் போகல, சுத்திட்டு இங்கயே வரப் போறேன்னு சொல்லவா? தலை நரைச்ச மனுஷன் சொல்ற பதிலா அது?"

அதிலிருந்து சும்மா நடப்பதில்லை என்று முடிவெடுத்தார். காரியம் இல்லாமல் காலை எடுத்து வைத்தால் காலுக்கு நம்மேல் மரியாதை போய்விடுமாம். துபாயில் இருந்த மகன் இதைக் கேள்விப்பட்டு, வீட்டிலேயே நடக்க ஒரு ட்ரெட்மில் வாங்கி அனுப்பிவைத்தான். பாய் அதன்மேல் ஏறினார், கொஞ்ச தூரம் நடந்தார், இறங்கிவிட்டார். கிளம்பின இடத்திலேயே நிற்கிற வண்டி பழுதான பஸ்தானே, அதில் எதற்கு உட்கார்ந்திருக்கவேண்டும் என்று கேட்டார். லைனிங் துணியை வெட்டுவதற்கு முன்னால் தண்ணீரில் நனைத்துக் காயவைப்பது வழக்கம். அந்த ட்ரெட்மில் கம்பியில் அதற்குப் பிறகு வெள்ளை லைனிங் அமோகமாகக் காய்ந்தது.

ஆனால் பாய் டாக்டரை ஏமாற்றுகிறவர் இல்லை. தன் வழியில் தேகப்பயிற்சி செய்தார். கடையில் அதிகம் கேட்கிற நிறங்களையெல்லாம் கொண்டுபோய் உச்சித் தட்டில் அடுக்கினார். கறுப்பு வேண்டுமென்றால் ஏணியில் ஏறுவார். அரக்கு வேண்டுமென்றால் ஏணியை நகர்த்தி இன்னொரு தரம் ஏறுவார். தலைக்கு மேலே பாய் ஊசலாடுவதைப் பார்த்த பெண்கள், வேண்டாம் பாய், கீழே எது இருக்கிறதோ அதையே கொடுங்கள் என்று கெஞ்சினார்கள். மத்தியானம் பாய் தொழுகைக்குப் போகிற நேரமாகப் பார்த்து ஜமீலாக்கா எல்லாவற்றையும் கீழே இறக்குவார். வந்ததும் பாய் மறுபடி மேலே ஏற்றுவார். அந்த வீட்டில் அப்போது உண்மையாகவே இளைத்தவர் ஜமீலாக்காதான்.

கடைசியில் வழி கிடைத்தது. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியிலிருந்து வேதவல்லி மாமி போன் பண்ணினார். மூட்டுவலியால் கடைக்கு வர முடியவில்லை, பேரன் கையில் புடவையைக் கொடுத்தனுப்புகிறேன், துணி வெட்டி வையுங்கள் என்றார். பேரன் புடவையைக் கொண்டுவந்து கொடுத்தான். பாய் துணியை வெட்டினார், மடித்தார், ரெக்சின் பையில் வைத்து ஜிப்பை இழுத்தார், கிளம்பிவிட்டார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் ஸ்ரீரங்கம் பஸ் வரிசையாக நிற்கிறது, ஏறிப் பார்க்கவில்லை. காவிரிப் பாலத்தைத் தாண்டி, மாம்பழச்சாலை வழியாக நடந்தே போய் மாமி கையில் கொடுத்துவிட்டு நடந்தே திரும்பினார். எங்கே போகிறீர்கள் என்று வழியில் நாலு பேர் கேட்டார்களாம். நாலு பேருக்கும் நிமிர்ந்து பதில் சொன்னாராம்.

அன்று பிடித்த நடைதான். கடை திறப்பதற்கு முன்னால் தினமும் திருவானைக்காவல், ஸ்ரீரங்கம், மாம்பழச்சாலை என்று வீடு வீடாகத் துணி கொண்டுபோக ஆரம்பித்தார். கேட்டவர்களுக்கு மட்டுமில்லை, கேட்காதவர்களுக்கும். இப்படி நடந்தால் சர்க்கரை தலைதெறிக்க ஓடியிருக்கவேண்டும். ஓடவில்லை. ஏறியது.

டாக்டருக்குப் புரியவில்லை. நடக்கிறீர்களா என்றார், நடக்கிறேன் என்றார் பாய். சாப்பாடு என்னவென்றார், கோதுமைக் கஞ்சி என்றார். இரண்டும் சத்தியம். ஜமீலாக்கா முன்னால் வைத்து எந்தச் சத்தியம் வேண்டுமானாலும் பண்ணலாம். விஷயம் எங்கே இருந்தது என்றால், பாய்க்குச் சாப்பாட்டிலும் ஒரு கொள்கை இருந்தது. வீட்டில் சாப்பிடுவதுதான் சாப்பாடு. அடுத்தவர் வீட்டில் கொடுப்பது மரியாதை. மரியாதையில் ஏது சர்க்கரை?

பாலம் தாண்டி வியர்க்க வியர்க்க நடந்து வருகிற மனிதரை எந்த வீட்டில் வெறுமனே அனுப்புவார்கள்? வேதவல்லி மாமி வீட்டில் டிகிரி காப்பியும் ரவா லட்டும். திருவானைக்காவலில் ஒரு டீச்சர் வீட்டில் அதிரசம். மாம்பழச்சாலையில், லால்குடிப் பக்கத்திலிருந்து வந்து குடியேறிய ஒரு விவசாயக் குடும்பம். அவர்கள் சொந்தத் தோட்டத்துப் பூவன் பழத்தைச் சீப்போடு வைப்பார்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு மீதியை ஒதுக்கினால் அந்த அம்மா முகம் வாடிவிடுமாம். அதனால் சீப்பையே காலி செய்வார். போகும்போது இளைத்ததெல்லாம் திரும்பும்போது வட்டியோடு ஏறிக்கொள்ளும்.

இதையெல்லாம் அவர் வாயாலேயே கேட்டுக் கேட்டு நான் சிரித்திருக்கிறேன். சிரிப்பு நின்றது ஒரு கத்திரிப்பூ நிறப் புடவையால்.

திருவானைக்காவல் டீச்சர் அந்தப் புடவையையும் பாய் கொடுத்த துணியையும் தைக்கக் கொண்டுவந்தார். பிரித்துப் பார்த்தேன். துணி காப்பிப்பொடி நிறம். நான் டீச்சரைப் பார்த்தேன், டீச்சர் என்னைப் பார்த்தார். இப்போதெல்லாம் கான்ட்ராஸ்ட்தான் ஃபேஷன் என்று அவர் மெதுவாகச் சொன்னார். ஆமாம் என்றேன். பாய் கடையில் வாங்கியதை வைத்துக்கொண்டு நாங்கள் பேசிய பேச்சு அது.

அதற்குப் பிறகு வரிசையாக வந்தன. கருநீலப் புடவைக்குக் கறுப்பு. வெள்ளைக்குச் சந்தனம். ஆனந்தா ப்ளூவில், அதாவது பளிச்சென்ற நீலத்தில், எனக்கே ஒரு புடவை இருந்தது. அதற்கு அவர் யானை நிறத்தில் வெட்டிக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பாருங்க, ஒட்டிப் பொறந்த மாதிரி இருக்குல்ல?" என்று கேட்டார். இருக்கிறது என்றேன். வேறென்ன சொல்ல? தைத்துப் போட்டுக்கொண்டேன்.

ஒருநாள் அவர் தொழுகைக்குப் போயிருந்தபோது ஜமீலாக்கா என் கடைக்குள் வந்து ஸ்டூலில் உட்கார்ந்து அழுதுவிட்டார். பாய்க்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷன் பண்ணினால் பளிச்சென்று தெரியும், ஆனால் சர்க்கரை இறங்காமல் கத்தி வைக்கமாட்டேன் என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார். பாய் அதை யாரிடமும் சொல்லக்கூடாது என்று வீட்டில் கட்டளை போட்டிருந்தார். மேட்சிங் கடைக்காரனுக்குக் கண் போய்விட்டது என்று தெரிந்தால் யார் புடவையைக் கொண்டுவருவார்கள்?

அதற்குப் பிறகுதான் நான் கவனித்தேன். வாசல் வெளிச்சம் போதாமல் தெருவில் இறங்கி நின்று புடவையை வெயிலில் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். பூக்காரி போனால் நிறுத்தி, "இது என்ன கலரு, சொல்லு பார்ப்போம்?" என்று பரீட்சை வைக்கிறவர் மாதிரி கேட்டார். அவள் சொன்னதும், சரிதான் என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய் அதைத் தேடினார்.

நானும் ஜமீலாக்காவும் திட்டம் போட்டோம். அவர் வாடிக்கையாளர்கள்தான் எனக்கும் வாடிக்கையாளர்கள், எல்லாருடைய நம்பரும் என் போனில் இருந்தது. ஒவ்வொரு வீடாகக் கூப்பிட்டேன். பாய் வந்தால் காப்பி கூடாது, பலகாரம் கூடாது, பழம் கூடாது, தண்ணீர் மட்டும். ஏன் என்று அவரிடம் சொல்லவும் கூடாது. சொன்னால் மனிதர் சிரித்துப் பேசியே லட்டை வாங்கிவிடுவார்.

சொல்வது சுலபம். அந்தப் பெண்கள் பட்ட பாடு எனக்கல்லவா தெரியும். மாம்பழச்சாலை அம்மா, இது பாவமில்லையா என்று என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். டீச்சர் பாயைப் பார்த்ததும் கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டாராம், இல்லையென்றால் கை தானாக டப்பாவைத் திறந்துவிடுமாம். வேதவல்லி மாமி, வாசல் தேடி வந்தவரை வாயை நனைக்காமல் அனுப்பினால் பெருமாள் கேட்கமாட்டாரா என்றார். பெருமாளிடம் நான் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லி வைத்தேன்.

முதல் நாள் பாய் திரும்பி வந்தபோது முகத்தில் களை இல்லை. இரண்டாம் நாளும் இல்லை. அந்த வாரம் முடிவதற்குள் பையைக் கொண்டுவந்து என் தையல் மேஜைமேல் வைத்துவிட்டு நின்றார்.

"டெய்லரம்மா, இனிமே நான் எங்கயும் போகப்போறதில்ல. அவங்களுக்கு என் கண்ணு தெரிஞ்சுபோச்சு. தப்புத் தப்பா கொடுத்திருக்கேன் போலருக்கு. கோவத்துல ஒரு வாய் காப்பி குடிங்கன்னு சொல்ல மனசு வரல அவங்களுக்கு."

நாங்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தோம், இதை யோசிக்கவில்லை. நம் ஊரில் வந்தவருக்குக் காப்பி கொடுக்காவிட்டால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அந்த அர்த்தத்தை அவர் எடுத்துக்கொண்டார்.

மறுநாளிலிருந்து நடை நின்றது. அதோடு விடவில்லை. அவருடைய தங்கை மகன் செல்போன் கவர் விற்க இடம் தேடிக்கொண்டிருந்தான். கடையை அவனுக்கே விட்டுவிடுவதாகப் பேச்சைத் தொடங்கிவிட்டார். நடை நின்றால் சர்க்கரை ஏறும், சர்க்கரை ஏறினால் ஆபரேஷன் இல்லை, ஆபரேஷன் இல்லையென்றால் கடை எதற்கு என்று அவர் கேட்பதும் நியாயம்தான். ஜமீலாக்கா சொன்னால் தேற்றுகிறாள் என்பார், நான் சொன்னால் நம்பமாட்டார். வேதவல்லி மாமிக்குப் போன் பண்ணி நடந்ததைச் சொன்னேன்.

மூட்டுவலி மாமி ஆட்டோ பிடித்து வந்து சந்து முனையில் இறங்கினார். சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து கடைப் படியில் உட்கார்ந்தார். வெங்காயத்தோல் நிற மடிசாரும் பாய் கொடுத்த செங்கல் நிற ரவிக்கையும். மடியிலிருந்த ஒரு பட்டுப் புடவையைப் பாய் கையில் கொடுத்து, இதுக்கு ஒண்ணு எடுங்கோ என்றார்.

பாய் தெருவில் இறங்கி வெயிலில் பிடித்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். எந்தப் பூக்காரியும் அந்த நேரம் வரவில்லை. திரும்பி வந்து புடவையை மாமி மடியில் வைத்தார்.

"எனக்குத் தெரியலம்மா" என்றார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் கடையில் அந்த வார்த்தையை நான் கேட்டதில்லை.

"தெரியாதுன்னு எங்களுக்கு ஐப்பசியிலேர்ந்தே தெரியும், பாய்" என்றார் மாமி.

"தெரிஞ்சுமா வாங்குனீங்க?"

"வேண்டாம்னு சொல்லிட்டா நீங்க யாராத்துக்கு நடந்து வருவேள்? காரியம் இல்லாம நடக்கமாட்டேளாமே. அதான் வாங்கிண்டோம்."

மாமி விடவில்லை. காப்பியை நிறுத்தியது கோபத்தில் இல்லை, சர்க்கரை இறங்கிக் கண் திரும்பி வரவேண்டும் என்றுதான் என்று எடுத்துச் சொன்னார். போன் பண்ணியது யார் என்றும் போட்டுக்கொடுத்துவிட்டார். பாய் சுவருக்கு இந்தப் பக்கம் என் கடை வாசலில் உட்கார்ந்திருந்த என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் அவசரமாக ஊசியில் நூல் கோத்தேன்.

"மோராவது கொடுத்திருக்கலாம்" என்றார் பாய்.

"மோர் குடுத்தா கூட ரெண்டு தட்டை வைக்காம எங்களால இருக்க முடியாது. எங்களை நம்பப்டாது, பாய்."

அப்போதுதான் பாய்க்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாமி போட்டிருக்கிற ரவிக்கை தான் கொடுத்ததா என்று கேட்டார். ஆமாம் என்றார் மாமி. அது என்ன கலரும்மா என்றார். மாமி தன் கையைத் தூக்கி ஒரு தரம் பார்த்துக்கொண்டு, நன்னா இருக்கு, அது போறும் என்றார்.

மறுநாள் காலையில் ரெக்சின் பை பாலத்தின்மேல் ஏறியது. காரியம் குறைந்துவிடக்கூடாது என்று அந்தப் பெண்கள் பார்த்துக்கொண்டார்கள். மாமியாருக்கு ஒருநாள் துணி கேட்டால் மருமகளுக்கு மறுநாள் கேட்பார்கள், இரண்டையும் சேர்த்துக் கேட்கமாட்டார்கள். என்ன நிறம் வந்தாலும் வாயைத் திறக்காமல் வாங்கிக்கொண்டார்கள். ஸ்ரீரங்கம் வீதிகளில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத புடவையும் ரவிக்கையுமாக அந்தப் பருவம் முழுக்கப் பெண்கள் கோயிலுக்குப் போய்வந்தார்கள். வெளியூர்க்காரர்கள் அதை ஏதோ உள்ளூர் வழக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

சர்க்கரை இறங்கியது. டாக்டர் என்ன மருந்து சாப்பிட்டீர்கள் என்று கேட்டதற்கு, பச்சைத் தண்ணி என்று பாய் சொன்னாராம். முதலில் ஒரு கண், பிறகு மறு கண் என்று ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கடைக்கு வந்தவர், நேரே என் வாசலுக்கு வந்து என்னைப் பார்த்தார். ஆனந்தா ப்ளூ புடவையும் யானை நிற ரவிக்கையுமாக நான் மிஷினில் உட்கார்ந்திருந்தேன்.

"டெய்லரம்மா, இதை உங்களுக்கு யாரு கொடுத்தது?"

"நீங்கதான் பாய்."

நேரே தன் கடைக்குள் போய் ரெக்சின் பையை எடுத்தார். பிறகு கிளம்பினார் பாருங்கள், அந்த மாதிரி ஒரு நடையை அவர் வாழ்நாளில் நடந்ததில்லை. புரை விழுந்த காலத்தில் கொடுத்த ஒவ்வொரு துணியையும் திரும்ப வாங்கிக்கொண்டு சரியான நிறத்தைக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை என்று ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினார். சரியான நிறத்தை எல்லாரும் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். பழையதைத்தான் யாரும் கொடுக்கவில்லை. டீச்சர் வீட்டில் பீரோ சாவி கிடைக்கவில்லை. மாம்பழச்சாலை அம்மாவின் ரவிக்கையை மகள் பெங்களூருக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேதவல்லி மாமி மட்டும் பொய் சொல்லவில்லை. தரமாட்டேன் என்றார், அவ்வளவுதான்.

நான் பிறகு கடையை விட்டுவிட்டேன், இப்போது திருவானைக்காவலில் எழுதிக்கொண்டு வீட்டோடு இருக்கிறேன். பாய் அங்கேயும் விடவில்லை. போன வாரம்கூட வந்தார். ஆள் சிக்கென்று இருக்கிறார், கண் நன்றாகத் தெரிகிறது. சர்க்கரை இல்லாத காப்பியைக் கஷாயம் என்று திட்டிக்கொண்டே குடித்தார். அந்த யானைக் கலர் ரவிக்கையக் கொடுத்துடுங்க டெய்லரம்மா, பார்க்குறவங்க என்னைப் பத்தி என்ன நினைப்பாங்க என்று கெஞ்சினார். எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை, தேடி வைக்கிறேன், அடுத்த வாரம் வாங்க பாய் என்றேன். நிச்சயமா தேடுங்க என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு காவிரிப் பக்கம் நடந்தார்.

ரவிக்கை அலமாரியில் மேலாகத்தான் மடித்து வைத்திருக்கிறது. கொடுத்துவிட்டால் இந்த வீட்டுக்கு வர அவருக்குக் காரியம் இருக்காது, காரியம் இல்லாமல் அவர் நடக்கவும் மாட்டார். எனக்கோ அவர் இன்னும் ரொம்ப வருஷம் நடக்கவேண்டும்.